விற்ற பின்னும் மிஞ்சும் பங்கு

(இராயபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பை அறக்கட்டளையினர் என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். தணிக்கைக்காரன் வந்தால் வரியைப் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். வரியும் வரும், அதற்குரிய இடத்தில். இன்று நான் பேச வந்தது, ஒருவர் தாம் வளர்த்த தொழிலை விற்ற பிறகும் அவர் கையில் மிஞ்சியிருக்கும் பங்கைப் பற்றி.

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், மணலி, எண்ணூர் வரை இந்தத் துறைமுகப் பட்டையில் தொழில் செய்வோரைப் பாருங்கள். சரக்குப் பெட்டக நிலையம் வைத்திருப்பவர், டிரெய்லர் லாரிகள் ஓட்டுபவர், லேலண்டுக்கும் என்ஃபீல்டுக்கும் உதிரிபாகம் செய்து கொடுப்பவர், இறால் ஏற்றுமதி செய்பவர். பலருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. பிள்ளைகள் வேறு நாட்டில், வேறு வேலையில். அந்த நேரத்தில் தனியார் பங்கு நிதி நிறுவனம் ஒன்று வருகிறது. நாம் ‘ஃபண்டு’ என்று சொல்வது. ‘உங்கள் கம்பெனிக்கு 100 கோடி மதிப்புப் போடுகிறோம். 70 கோடியைப் பணமாகத் தருகிறோம். மீதி 30 விழுக்காடு உங்களிடமே பங்காக இருக்கட்டும். நாலைந்து வருடத்தில் நாங்கள் விற்கும்போது நீங்களும் விற்கலாம். அது இதைவிடப் பெரிய தொகையாக இருக்கும்’ என்கிறது. இந்த 30 விழுக்காட்டைத்தான் அவர்கள் ‘ரோல்ஓவர்’ என்கிறார்கள்.

விற்பவர் வீட்டுக்குப் போய், ‘100 கோடிக்கு முடிந்தது’ என்று சொல்கிறார். முடிந்தது 70 கோடிக்கு. மீதி 30 கோடியை அவர், இனி வேறொருவர் ஆளப்போகும் கம்பெனியில் அன்றைக்கே முதலீடு செய்திருக்கிறார். அப்படிப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிடுகிறது. முழு 100 கோடியையும் ரொக்கமாக வாங்கிக்கொண்ட ஒருவர், அதிலிருந்து 30 கோடியை எடுத்து இதே நிபந்தனைகளில் இந்த ஃபண்டிடம் கொடுப்பாரா? கொடுக்கமாட்டார் என்றால், பேரம் இன்னும் முடியவில்லை.

ஏன் மிச்சம் வைக்கச் சொல்கிறார்கள்

மூன்று காரணங்கள். முதலாவது, தொழில் ஓட வேண்டும். கப்பல் கம்பெனியோடும், சுங்க முகவர்களோடும், கேட்டில் நிற்கும் டிரைவர்களோடும் இருபது முப்பது வருடப் பழக்கம் உரிமையாளருக்கு. அவர் பணத்தை வாங்கிக்கொண்டு மறுநாளே போய்விட்டால் ஃபண்டு வாங்கியது காலி இடமும் சில கிரேன்களும்தான்.

இரண்டாவது, கையிலிருந்து போடும் பணம் குறைகிறது. அமெரிக்காவில் இத்தகைய கொள்முதலில் கணிசமான பணம் கடனாக வரும். இந்தியாவில் பங்குகளை வாங்குவதற்கு வங்கிகள் கடன் கொடுப்பதை ரிசர்வ் வங்கி நெடுங்காலம் இறுக்கிப் பிடித்திருந்தது. இந்திய நிறுவனங்களின் கையகப்படுத்தலுக்கு வங்கிகள் நிதி தர வழிசெய்வதாக 2025 அக்டோபரில்தான் அறிவித்தது. பொது நிறுவனம் ஒன்று, தன் பங்கையே வாங்குகிறவருக்குப் பண உதவி செய்வதைக் கம்பெனிச் சட்டமும் தடுக்கிறது. ஆகவே இங்கே விற்பவர் விட்டுவைக்கும் பங்கு, வேறு நாட்டில் கடன் செய்யும் வேலையில் ஒரு பகுதியைச் செய்கிறது. அதற்குரிய கூலியை விற்பவர் கேட்கலாம்.

மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கணக்குப் புத்தகத்தில் தெரியாத எதையாவது உரிமையாளர் அறிந்திருக்கிறாரா என்பதை இது சோதிக்கிறது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் அடுத்த வருடம் போகப்போகிறார் என்று தெரிந்தவர் 30 விழுக்காட்டை வைத்துக்கொள்ளமாட்டார். நியாயமான சோதனைதான். அதே சோதனையை ஃபண்டின் மீதும் வைக்கலாம்: ‘நீங்கள் வைத்திருக்கப்போகும் பங்கும் நான் வைத்திருக்கப்போகும் பங்கும் ஒரே வகையா?’

எவ்வளவு என்பதற்குச் சட்டம் சொல்லும் எல்லைகள்

திருவொற்றியூரில் நடந்த ஒன்றை நினைவூட்டுகிறேன். 1990இல் ஐஷர் குழுமம் என்ஃபீல்டு இந்தியாவில் 26 விழுக்காடு பங்கை வாங்கியது. 1994இல் நிறுவனமே அதன் கைக்குப் போனது. ஏன் 26? கம்பெனிச் சட்டத்தில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற, எதிர்த்து விழும் வாக்குகளைப் போல மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். நான்கில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருப்பவர் தனியாக நின்றே அதைத் தடுக்க முடியும். உள்விதிகளை மாற்றுவது, மற்றவரை விட்டுவிட்டுப் புதியவருக்குப் பங்கு வெளியிடுவது போன்றவை சிறப்புத் தீர்மானத்துக்கு உட்பட்டவை.

அடுத்த எல்லை 10 விழுக்காடு. பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அசாதாரணப் பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லலாம்; சிறுபான்மையினரை ஒடுக்குகிறார்கள் என்று தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் 24 விழுக்காடும் 12 விழுக்காடும் பணத்தில் வேறுபடுமே தவிர, சட்டம் தரும் பலத்தில் அவ்வளவாக வேறுபடாது. 22 வேண்டுமா 24 வேண்டுமா என்று மூன்று வாரம் பேரம் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்று இருக்கும் 30 நாளையும் 30ஆக இருக்குமா? ஃபண்டு வாங்கிய பிறகு சும்மா இருக்காது. பக்கத்தில் இன்னொரு பெட்டக நிலையத்தை வாங்கும், புதிதாக 50 கோடி போடும். கம்பெனியின் மதிப்பு 100 கோடி என்று வைத்து அந்தப் பணம் வந்தால், உங்கள் 30 விழுக்காடு 20ஆகும். மதிப்பு 50 கோடிதான் என்று போட்டு வந்தால் 15ஆகும். அந்த மதிப்பை யார் போடுகிறார்கள்? இயக்குநர் குழு. குழுவில் பெரும்பான்மை யாருக்கு? வாங்கியவருக்கு. ஆகவே புதுப் பங்கு வெளியிடும்போதெல்லாம் உங்கள் விகிதத்துக்கு வாங்கும் உரிமை, சுதந்திரமான மதிப்பீட்டாளரின் விலை, பணம் புரட்ட 60 அல்லது 90 நாள் அவகாசம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அவகாசம் இல்லாத வாங்கும் உரிமை காகிதத்தோடு நின்றுவிடும்.

ஊழியர்களுக்கு ஒதுக்கும் பங்கும் இப்படித்தான். ஃபோர்மேனுக்கும் கணக்காளருக்கும் பங்கு கொடுப்பது நல்ல செயல். நான் அதை வரவேற்கிறேன். ஆனால் அது எல்லோருடைய பங்கிலிருந்தும் போக வேண்டும். விற்பவரின் 30இலிருந்து மட்டும் போகும்படி எழுதிய வரைவுகள் உண்டு.

எந்த வகைப் பங்கு

இந்தக் கூடத்துக்கு அருகில் 1856இல் திறந்த இராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அந்த ஆண்டு ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பாதை போட்டது மதராஸ் ரயில்வே கம்பெனி; பங்குதாரர்கள் இங்கிலாந்தில் இருந்தவர்கள். வண்டியில் கூட்டம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அவர்கள் போட்ட முதலுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு வருமானத்துக்கு அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்திருந்தது. வசூல் போதாவிட்டால் இந்நாட்டு வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டப்பட்டது. செலவைக் குறைக்கும் அக்கறை கம்பெனிகளுக்கு இல்லாமல் போனது என்று அன்றே கடுமையான விமர்சனம் எழுந்தது. ஒரே தொழிலில் ஒருவருக்கு உத்தரவாதமும் இன்னொருவருக்கு மிச்சமும் என்று பிரித்தால் நட்டம் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதற்கு அது இந்த ஊர்ப் பாடம்.

இன்று அதே வேலையை முன்னுரிமைப் பங்கு செய்கிறது. நம் எடுத்துக்காட்டையே கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம். ஃபண்டு புதிதாக ஒரு தாய்க் கம்பெனி தொடங்குகிறது. அதில் 70 கோடியை முன்னுரிமைப் பங்காகப் போடுகிறது. உங்கள் 30 கோடிக்குச் சாதாரணப் பங்கு தருகிறது. ஐந்து வருடம் கழித்துத் தொழில் மந்தமாகி, கம்பெனி 90 கோடிக்குத்தான் போகிறது.

இருவருக்கும் ஒரே வகைப் பங்கு என்றால் உங்களுக்கு 27 கோடி.

ஃபண்டு தன் 70 கோடியையோ தன் விகிதத்தையோ, எது அதிகமோ அதை எடுக்கலாம் என்றால், அது 70ஐ எடுக்கும். உங்களுக்கு 20 கோடி.

முதலில் 70 கோடியை எடுத்துவிட்டு, மீதி 20 கோடியிலும் 70 விழுக்காடு எடுக்கலாம் என்றால், ஃபண்டுக்கு 84. உங்களுக்கு 6 கோடி.

அந்த 70 கோடிக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு கூட்டு வட்டிபோல ஏறும் என்றிருந்தால், ஐந்தாம் ஆண்டு முடிவில் ஃபண்டுக்கு முதலில் சேர வேண்டியது 123 கோடிக்கு மேல். விற்றதோ 90. உங்களுக்கு ஒன்றுமில்லை.

நான்கிலும் உங்கள் கையில் இருந்தது 30 விழுக்காடுதான். 27 கோடிக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு பத்தி எழுத்து. ‘ஃபண்டு எந்த வகைப் பங்கை, எந்த விலைக்கு வாங்குகிறதோ, அதே வகைப் பங்கு, அதே விலைக்கு எனக்கும்’ என்ற ஒரு வரியைப் பெற, விழுக்காட்டில் இரண்டு மூன்றை விட்டுக்கொடுக்கலாம்.

வரி எப்போது விழும்

அமெரிக்க நூல்களைப் படித்துவிட்டு வருபவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். அங்கே சரியாக அமைத்தால், ரோல்ஓவர் செய்த பங்குக்கு அன்றைக்கு வரி கிடையாது. இங்கே உங்கள் கம்பெனிப் பங்கைக் கொடுத்து ஃபண்டின் தாய்க் கம்பெனிப் பங்கை வாங்கினால், கையில் ஒரு ரூபாய் வராவிட்டாலும் வரிச் சட்டத்தின் கண்ணில் அது சொத்து மாற்றம்தான். மூலதன ஆதாய வரி உண்டு. 2024 ஜூலை 23 முதல் பட்டியலிடப்படாத பங்குகளை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் வரி 12.5 விழுக்காடு, மேல்வரிகள் தனி. அடக்கவிலை சொற்பமாக இருந்தால் 30 கோடிப் பங்கு மாற்றத்துக்கு 3.75 கோடி வரியை, வாங்கிய ரொக்கத்திலிருந்து கட்ட வேண்டிவரும்.

அதனால்தான் இந்தியாவில் பெரும்பாலும் உரிமையாளர் தம் கம்பெனியிலேயே 30 விழுக்காட்டை விற்காமல் வைத்துக்கொள்கிறார். விற்காததற்கு வரி இல்லை. இன்னொரு வழி, சட்டப்படியான நிறுவன இணைப்பு. நிபந்தனைகளுக்கு உட்பட்ட இணைப்பில் பங்குக்குப் பங்கு கிடைத்தால் அதை மாற்றமாகக் கருதுவதில்லை.

அதற்குப் பக்கத்து மாநிலத்தில் நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. கேரளத்தின் ஈஸ்டர்ன் மசாலா. 2020இல் நார்வேயின் ஓர்க்லா, தன் எம்டிஆர் நிறுவனத்தின் வழியாக ஈஸ்டர்னின் 67.8 விழுக்காட்டை வாங்க ஒப்பந்தம் செய்தது. முழு நிறுவனத்துக்குப் போட்ட மதிப்பு 2,000 கோடி ரூபாய். ஈஸ்டர்னின் உரிமையாளர்களான மீரான் சகோதரர்களிடம் மிஞ்சிய 32.2 விழுக்காடு, எம்டிஆருடன் ஈஸ்டர்ன் இணையும்போது, இணைந்த நிறுவனத்தில் 9.99 விழுக்காடாக மாறும் என்று அன்றே பேசி முடித்தார்கள். வாங்கியது ஃபண்டு அல்ல, உணவு நிறுவனம். ஆனால் பாடம் ஒன்றே. இணைந்த நிறுவனமான ஓர்க்லா இந்தியா, 2025 அக்டோபர் இறுதியில் பொதுப் பங்கு வெளியீட்டுக்கு வந்தது. வெளியீட்டு விலையான 730 ரூபாயில் நிறுவனத்தின் மதிப்பு ஏறத்தாழ 10,000 கோடி. சகோதரர்களும் அந்த வெளியீட்டில் ஒரு பகுதியை விற்றார்கள்.

கணக்குப் போடுங்கள். 2,000 கோடியில் 32.2 விழுக்காடு 644 கோடி. 10,000 கோடியில் பத்தில் ஒரு பங்கு 1,000 கோடி. ஐந்து வருடத்தில், ஈவுத்தொகையைச் சேர்க்காமல், ஆண்டுக்கு 9 விழுக்காட்டை ஒட்டிய வளர்ச்சி. கௌரவமான பலன்தான், ‘இரண்டாவது விற்பனையில் மூன்று மடங்கு’ என்று ஃபண்டுகள் காட்டும் படத்தோடு ஒப்பிட்டால் அடக்கமானது. நல்ல நிறுவனம், நல்ல முடிவு, சந்தைக்கு வரும் வாய்ப்பு எல்லாம் கூடி வந்த இடத்திலேயே இவ்வளவு.

வெளியேறும் வாசல்

ஃபண்டின் ஆயுள் பொதுவாகப் பத்து வருடம். வாங்கியதை நான்கு முதல் ஆறு வருடத்தில் விற்று, தனக்குப் பணம் கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் போவது நிச்சயம். நீங்கள் அவர்களோடு போகிறீர்களா, பிறகு போகிறீர்களா என்பதே கேள்வி.

இரண்டு உரிமைகளைச் சேர்த்தே படிக்க வேண்டும். ஃபண்டு விற்கும்போது அதே விலைக்கு உங்கள் பங்கையும் சேர்த்து விற்கச் சொல்லும் உரிமை ‘டேக் அலாங்’; இது உங்களுடையது. அவர்கள் விற்கும்போது உங்களையும் கட்டாயமாக விற்க வைக்கும் உரிமை ‘டிராக் அலாங்’, இது அவர்களுடையது. இரண்டாவதை யாரும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். அதற்கு வேலி போடலாம்: இத்தனை வருடத்துக்கு முன் கூடாது, இந்த விலைக்குக் கீழே கூடாது, ஃபண்டின் உறவு நிறுவனத்துக்கு விற்றால் கூடாது, முதலில் எங்களிடம் கேட்க வேண்டும்.

இது நன்றாக நடந்த இடத்தையும் சொல்கிறேன். 2018–19இல் பிளாக்ஸ்டோன் என்ற ஃபண்டு, சோனா பிஎல்டபிள்யூ என்ற வாகன உதிரிபாக நிறுவனத்தில் பெரும்பான்மையை வாங்கி, நம் மறைமலை நகர்ப் பக்கம் ஸ்டார்ட்டர் மோட்டார் செய்துவந்த காம்ஸ்டாரையும் வாங்கி இரண்டையும் ஒன்றாக்கியது. சோனா நிறுவனர் குடும்பத்திடம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருந்தது. 2021 ஜூனில் 291 ரூபாய்க்குப் பங்கு வெளியீடு. பழைய பங்குகளாக விற்ற 5,250 கோடியும் பிளாக்ஸ்டோனுடையது. குடும்பம் அந்த வெளியீட்டில் விற்கவில்லை. 2023 மார்ச்சில் பிளாக்ஸ்டோன் மீதியையும் விற்று முற்றிலும் வெளியேறியது. ஃபண்டு போன பிறகும் நிறுவனர் தரப்பு நிலைத்தது. பங்குச் சந்தை என்ற வாசல் இருந்ததால் ஒருவர் போவதும் ஒருவர் இருப்பதும் இரண்டும் சாத்தியமாயின. சந்தைக்குப் போகும் அளவில்லாத நம் பட்டைக் கம்பெனிகளுக்கு அந்த வாசல் கிடையாது. ஒப்பந்தத்தில் கட்டிக்கொள்ளும் வாசல்தான்.

வாங்குபவர் வெளிநாட்டினர் என்றால் ஒன்று கூடுதல். விலையில் 25 விழுக்காடு வரைதான் தள்ளிக் கொடுக்கலாம், அதையும் 18 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. ‘மூன்றாம் வருட லாபத்தைப் பார்த்து மீதி’ என்ற வாக்குறுதி இந்த விதிக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வாசலும் உண்டு, அது பின்பக்கம். விற்றவர் நிர்வாக இயக்குநராகத் தொடர்கிறார், ஒருநாள் நீக்கப்படுகிறார். ‘தகுந்த காரணத்தோடு’ நீக்கினால் அவர் பங்கை முகமதிப்புக்கோ குறைந்த விலைக்கோ வாங்கிக்கொள்ளலாம் என்று விதி இருக்கும். எது தகுந்த காரணம்? மோசடி என்றால் சரி. ‘இலக்கை எட்டாமை’ என்று எழுதியிருந்தால் உங்கள் 30 விழுக்காடு அவர்கள் போடும் ஆண்டு இலக்கில் தொங்குகிறது. நோய், மரணம் ஆகியவற்றில் வாரிசுகளுக்கு முழு மதிப்பு என்பதையும் அங்கேயே எழுதுங்கள். சம்பளத்துக்கு இருக்கும் வேலையும் பணம் போட்டு வைத்திருக்கும் பங்கும் தனித்தனி.

போட்டித் தொழில் தொடங்கக் கூடாது என்ற தடையையும் லேசாக எடுக்காதீர்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, வேலையை விட்ட ஊழியர் மீதான அத்தகைய தடை பொதுவாகச் செல்லாது. தொழிலின் நன்மதிப்பை விற்றவர் மீதான தடை, நியாயமான எல்லைக்குள், செல்லும். உங்களை நீக்கிய பிறகும் அது உங்களைக் கட்டும்.

எங்கே எழுதுவது

இவ்வளவும் பேசிப் பெற்ற பிறகு எந்தத் தாளில் எழுதுகிறோம்? தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கொன்று இதற்கு விடை. வி.பி. ரங்கராஜ் எதிர் வி.பி. கோபாலகிருஷ்ணன், 1992ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் தனியார் கம்பெனி, 50 பங்குகள், இரண்டு கிளைகளுக்குச் சரிபாதி. ஒரு கிளையில் யார் விற்றாலும் முதலில் தம் கிளைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று குடும்பத்துக்குள் உடன்பாடு. ஒருவர் தம் பங்கை மறு கிளைக்கு விற்றார். அந்தக் கட்டுப்பாடு கம்பெனியின் உள்விதிகளில், ‘ஆர்டிகிள்ஸ்’ என்று நாம் சொல்லும் ஆவணத்தில், இல்லாததால் அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். பிற்காலத் தீர்ப்பு ஒன்று இதில் ஐயம் எழுப்பியது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பொது நிறுவனங்களுக்கு இதைத் தளர்த்தியது. தனியார் கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர் அந்த ஐயத்தை நம்பி இருக்கக் கூடாது. பங்குதாரர் ஒப்பந்தத்தில் உள்ள ஒவ்வோர் உரிமையும், பணம் கைமாறும் அதே நாளில், உள்விதிகளிலும் ஏற வேண்டும்.

எழுத்தில் நிற்கும் சிறுபான்மைப் பங்கு எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு மணலியைப் பாருங்கள். 1965இல் மதராஸ் ரிஃபைனரீஸ் தொடங்கியபோது இந்திய அரசுக்கு 74, அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரானிய தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13 விழுக்காடு. 1985இல் அமோகோ விலகியது. 2000–01இல் அரசு தன் பெரும்பான்மையை இந்தியன் ஆயிலுக்கு மாற்றியது. பெயரும் சென்னைப் பெட்ரோலியம் ஆனது. ஆள்பவர் மாறினார். ஈரானியத் தரப்பு 15 விழுக்காட்டுச் சொச்சத்தோடும் இயக்குநர் குழுவில் இடத்தோடும் தொடர்ந்தது. ஒப்பந்தமும் விதிகளும் தாங்கினால் சிறுபான்மைப் பங்கு அரை நூற்றாண்டும் நிற்கும்.

உள்விதிகளில் எழுதுவதால் இன்னொரு பலன் உண்டு. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பங்குதாரர் ஒப்பந்தம் ரகசியம். உள்விதிகள் பொது ஆவணம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டி யாரும் படிக்கலாம். உங்களிடம் வந்திருக்கும் ஃபண்டு இதற்கு முன் வாங்கிய கம்பெனிகளின் பட்டியல் அதன் விளம்பரத்திலேயே இருக்கும். அந்தக் கம்பெனிகளின் உள்விதிகளை எடுத்துப் படித்தால், அங்கே உரிமையாளருக்கு எந்த வகைப் பங்கு கொடுத்தார்கள், எத்தனை இயக்குநர் இடம், டிராக் அலாங் எத்தனையாவது வருடத்தில், நீக்கப்பட்டால் என்ன விலை என்பதெல்லாம் கிடைக்கும். ‘இதெல்லாம் நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை’ என்று மேசையில் சொல்லப்படும்போது, கொடுத்த இடத்தின் விதி எண்ணைச் சொல்ல உங்களால் முடியும்.

ஃபண்டு பல கம்பெனிகளை வாங்கியிருக்கிறது. நம் உரிமையாளர் வாழ்நாளில் ஒரே ஒரு கம்பெனியை விற்கிறார். இந்த ஏற்றத்தாழ்வைத் தனி ஒருவர் சரிசெய்ய முடியாது, சங்கம் செய்யலாம். ஆகவே இங்கே வந்திருக்கும் தொழிலதிபர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு கோரிக்கை. இந்த ஊர்க் கல்லூரிகளின் வணிகவியல் மாணவர்களை வைத்து, தமிழ்நாட்டில் ஃபண்டுகள் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளின் உள்விதிகளைத் திரட்டுங்கள். சிறுபான்மையாக மிஞ்சிய உரிமையாளருக்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று தமிழில் ஒரு தொகுப்புச் செய்யுங்கள். கம்பெனிக்கு 100 ரூபாய்தான் செலவு. அடுத்த ஆண்டு இந்த மேடையில் அந்தத் தொகுப்பை வைத்து ஒரு மாணவர் பேசட்டும். நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.